ஒரு கடைக்கட்டடம் சொல்லும் பாடம்
(அறக்கட்டளையின் விழாவில் ஆற்றிய உரை)

 

ஆசிரியப் பணிக்காலத்தில் நான் நாள்தோறும் கடந்து சென்ற ஓசூர்க் கடைவீதியின் ஓட்டுக்கூரைக் கடைகள் பல இன்று இல்லை. தொழிற்பேட்டை வளர்ந்தது, நிலத்தின் விலை ஏறியது, பழைய சுவர்கள் விழுந்தன. அவ்வளர்ச்சியை நான் பழிக்கவில்லை. என் மாணவர் பலர்க்கு அதுவே வாழ்வளித்தது. ஆயினும், எஞ்சியிருப்பவற்றை இடிக்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு ஒன்று சென்னையில் உண்டு.

அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில், குவிமாடங்களோடு சிவந்த செங்கற்கட்டடம் ஒன்று நிற்கிறது. அரண்மனையோ என மயங்கத் தோன்றும். உண்மையில் அது மருந்து வணிகத்துக்கென எழுந்தது. விக்டோரியா அரசியார் அரியணை ஏறி 60 ஆண்டுகள் நிறைந்த 1897ஆம் ஆண்டில், டபிள்யூ.ஈ. ஸ்மித் நிறுவனத்தார் அதனைக் கட்டி முடித்தனர். 1934இல் பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் வாங்கியது. அப்பெயரே கட்டடத்துக்கும் நிலைத்தது. 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானபின் அது ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைச் சேர்ந்தது. அதே சாலையில் அக்கழகத்தின் 14 மாடிக் கட்டடம் 1959இல் திறக்கப்பெற்றது.

2006இல் பழைய கட்டடத்தை இடிக்கும் பணி தொடங்கிற்று. மரபுச் சின்னங்களைப் பேணும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. இடிக்கலாகாது, செப்பனிட்டுக் காக்க வேண்டும் என்று 2010 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடம் யாருடையது என்பதில் ஐயம் இல்லை. ஊரின் நினைவாகிவிட்ட ஒன்றை உரியவரே ஆயினும் அழிக்கலாமா என்பதே வினா.

தீர்ப்பு கடப்பாரையைத் தடுத்தது, மழையைத் தடுக்கவில்லை. பராமரிப்பின்றிக் கழிந்த ஆண்டுகளில் அச்சுவர்கள் மேலும் நலிந்தன. ஆகவே, ஒரு கட்டடத்தைக் காப்பது நீதிமன்றம் மட்டுமன்று. அன்றாடம் அதனைத் திறந்து மூடும் கைகளே.

தீபாவளியன்று புதுக்கணக்குத் தொடங்கும் வணிகர்களே! பழைய பேரேட்டை நீங்கள் அன்றே எரித்துவிடுவதில்லை. உங்கள் பழங்கடையும் ஒரு பேரேடுதான். சுவரில் அரசங்கன்று முளைத்தால் வேரோடு அகற்றுங்கள். கூரையின் நீர்த்தாரையைத் தூய்மை செய்யுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்; உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரித்துவிடும். இடித்தே தீரவேண்டும் எனில், முன்னதாக ஒரு நிழற்படமேனும் எடுத்து, பழைய பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.

நாளை நம் பேரப்பிள்ளைகள், "தாத்தாவின் கடை எங்கே இருந்தது?" என்று கேட்பார்கள். கைநீட்டிக் காட்ட ஒரு சுவராவது எஞ்சட்டும்.