கொந்தராத்து வேலையும் நமது சேமலாப நிதியும்

(மொனராகலைப் பகுதித் தோட்டமொன்றின் பிரட்டுக்களத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு கடதாசி இருந்தது. ஆளின் கடன் அதில் இருக்கும். கடனை அடைக்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. இன்று கொந்தராத்துக்காரர் லொறியில் ஆள் ஏற்றி வருகிறார். புல் வெட்ட, கான் வெட்ட, கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க. பின்னேரம் கையில் காசு. ஆனால் கடதாசி ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு அக்கா எங்களிடம் வந்தார். 50 வயதாகிவிட்டது, சேமலாப நிதிக்கு எழுத வேண்டும் என்றார். நாலு வருடம் ஒரே கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தவர். சம்பளத்தில் காசும் வெட்டியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தோம்; அவர் பேரில் அங்கத்துவ இலக்கமே இல்லை. அழுதுகொண்டே போனார்.

கணக்கைப் பாருங்கள். மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்று வைப்போம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி நமது பங்கு 8 வீதம், 2,400 ரூபாய். வேலை கொடுப்பவர் பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். 1980ஆம் ஆண்டு வந்த நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர் இன்னும் 3 வீதம், 900 ரூபாய் கட்ட வேண்டும். மாதம் 6,900 ரூபாய். நாலு வருடத்தில், வட்டி இல்லாமலே 3,31,200 ரூபாய்!

“தற்காலிக ஆளுக்கு இதெல்லாம் கிடையாது” என்பார்கள். அது பொய். நாட்கூலி, தற்காலிகம், கொந்தராத்து எதுவானாலும் முதல் நாளிலிருந்தே சேமலாப நிதி உண்டு. பணிக்கொடைக்கு ஐந்து வருடச் சேவை வேண்டும். அதனால் ஐந்து வருடம் ஆகுமுன் பேரை வெட்டி, வேறொருவர் பேரில் எழுதுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

தோட்டத்து ஒபிசிடமும் நாங்கள் ஒன்று கேட்டிருக்கிறோம். கொந்தராத்துக்காரரின் பில்லுக்குக் காசு கொடுக்குமுன், அவருடைய பேர்ப் பட்டியலையும் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலையில் இருபது பேர், சீட்டில் எட்டுப் பேர் என்றால் பில்லை நிறுத்துங்கள். “அது அவருடைய ஆள்” என்று கைகழுவ வேண்டாம். வேலை நடப்பது நமது மலையில்.

நீங்கள் செய்ய வேண்டியது மூன்று. அடையாள அட்டையில் உள்ளபடியே பேரைக் கொடுங்கள். அங்கத்துவ இலக்கத்தையும் சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். வேலை செய்த நாட்களைப் பிள்ளைகளின் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். தரமாட்டேன் என்றால் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். தனியாகப் போகப் பயமென்றால் எங்களிடம் வாருங்கள், கூடவே வருகிறோம்.