நவிகோ அட்டையின் மறுபாதி



லா சப்பல் கடைத்தெருவுக்கு வரும் தமிழர் பலர் அங்கு வசிப்பவர்கள் அல்லர். லா கூர்நெவ், பொபினி, திரான்சி, சார்செல் முதலிய புறநகர்களிலிருந்து தொடருந்திலும் மெத்ரோவிலும் வந்து சேர்கின்றனர். அவ்வாறே லா சப்பலில் வசிப்போர் நகரின் மறுகோடியிலுள்ள உணவகங்களுக்கும் அலுவலகத் துப்புரவுப் பணிகளுக்கும் விடியுமுன் புறப்படுகின்றனர். இவர்களுக்குப் பயண அட்டை என்பது அரிசி, வாடகை போன்றதொரு கட்டாயச் செலவு. அச்செலவை உண்மையில் யார் யார் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

அமெரிக்கா போன்ற கூட்டாட்சி நாடுகளில் உள்ளூர்ப் போக்குவரத்துக்கு நடுவண் அரசு மானியம் வழங்குகிறது. பிரான்சின் வழி வேறு. பாரிஸ் பிராந்தியப் போக்குவரத்தை நெறிப்படுத்துவது 'இல் து பிரான்ஸ் மொபிலித்தே' என்னும் பொது நிறுவனம். பிராந்திய சபையும் பாரிஸ் மாநகரமும் ஏனைய ஏழு மாவட்டங்களும் இதில் அங்கம் வகிக்கின்றன. இதன் வருவாயில் ஏறத்தாழப் பாதி, தொழில் வழங்குநர்கள் செலுத்தும் போக்குவரத்து வரியிலிருந்து கிடைக்கிறது. பயணிகள் செலுத்தும் கட்டணம் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. எஞ்சியதன் பெரும்பகுதியை உள்ளூராட்சி அமைப்புகள் தருகின்றன.

இந்த வரி 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாரிஸ் பிராந்தியத்தில் உருவானது. தொழிலாளர் வேலைத்தலத்துக்கு வந்து சேர்வதால் நன்மையடையும் நிறுவனமே அதற்கான செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 11 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைப் பணியில் அமர்த்தியோர் இதனைச் செலுத்துகின்றனர். பாரிஸில் இதன் வீதம் 2024 முதல் மொத்தச் சம்பளத் தொகையில் 3.20 சதவீதம். இது தொழிலாளியின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படுவதன்று.

இங்கேதான் ஒரு குழப்பம் நேர்கிறது. சிறு கடைகளும் உணவகங்களும் 11 பேருக்குக் குறைவானோருடன் இயங்குவதால் இவ்வரியிலிருந்து விலக்குப் பெறுகின்றன. ஆனால் தொழிலாளியின் பயண அட்டைக் கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் கடமை வேறானது. 1982ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஸ் பிராந்தியத்தில் அதனைக் கட்டாயமாக்கியது. 2009இல் அது நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஒரேயொரு பணியாளரை வைத்திருக்கும் கடைக்கும் இக்கடமை உண்டு.

2025ஆம் ஆண்டில் அனைத்து வலயங்களுக்குமான மாதாந்த நவிகோவின் விலை 88.80 யூரோவாக இருந்தது. அதில் பாதி 44.40 யூரோ. பன்னிரண்டு மாதங்களும் மாத அட்டை வாங்குபவருக்கு அது 532.80 யூரோ ஆனது. ஒரு குடும்பத்துக்கு இது சிறிய தொகையன்று. கேளாமல் விடுபவர் ஆண்டுதோறும் இதனை இழக்கிறார்.

வார, மாத, ஆண்டு அட்டைகளுக்கு இவ்வுரிமை பொருந்தும். ஒற்றைப் பயணச்சீட்டுகளுக்குப் பொருந்தாது. பகுதிநேரப் பணியாளர், சட்டப்படியான வேலைநேரத்தில் பாதியோ அதற்கு மேலோ பணியாற்றினால் முழுநேரப் பணியாளருக்குரிய தொகையையே பெறுவார். அதனிலும் குறைவாயின் தொகை விகிதப்படி குறையும். அட்டையின் கொள்வனவுச் சான்றைத் தொழில் வழங்குநரிடம் ஒப்படைத்து, அதன் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தல் நன்று. திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகை 'பிஷ் து பே' எனப்படும் சம்பளப் பட்டியலில் தனி வரியாகக் காணப்படல் வேண்டும். பட்டியலே இன்றிக் கையிற் காசாகச் சம்பளம் பெறுபவருக்கு, இவ்வுரிமை இருந்தும் அதனை நிலைநாட்டுவது கடினமாகிறது. பதிவுசெய்யப்பட்ட வேலையின் மதிப்பு இத்தகைய இடங்களிலேயே புலப்படும்.

வேலையற்றோருக்கும் குறைந்த வருமானத்தினருக்கும் வேறு வழிகள் உள்ளன. அரசின் மருத்துவ உதவிக் காப்பீடான 'செ.எஸ்.எஸ்.' பெறுவோரில் நிபந்தனைகளை நிறைவுசெய்வோர் 75 சதவீதக் கழிவுக்கு விண்ணப்பிக்கலாம். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, 62 வயதோ அதற்கு மேலோ உடையோருக்குப் பாதி விலையில் முதியோர் நவிகோ உண்டு.

தொழில் வழங்குநர் மறுப்பாராயின், முதலில் எழுத்து மூலம் கேட்பது முறை. அதன் பின்னரும் தீராவிடில் 'புவான் ஜுஸ்தீஸ்' எனப்படும் இலவசச் சட்ட ஆலோசனை நிலையங்களையும் தொழிற் பரிசோதகத்தையும் நாடலாம். கடை உரிமையாளர்களும் இதனைத் தாமாகவே முன்வந்து நிறைவேற்றினால், பணியாளரிடத்தே நம்பிக்கை வளரும். பின்னாளில் வழக்குகளும் எழா.

அட்டையின் ஒரு பாதி மட்டுமே தொழிலாளியின் பொறுப்பு. மறுபாதியைக் கேட்பது சலுகை வேண்டுவதன்று. சட்டம் தந்ததைப் பெற்றுக்கொள்வதே.