பிள்ளைகளைத் தண்ணீரண்டை அழைத்துச் செல்வோம்

(பொன் விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



விழாக் கூட்டம் என்றால் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். கோயில் எழும்பிய கதையையும், அதற்காக உழைத்தவர்களின் தியாகத்தையும் மற்றவர்கள் நன்றாகவே எடுத்துச் சொல்லிவிட்டார்கள். நாம் இனி வரப்போகிற நாள்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம். எடுத்துக் கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் பிள்ளைகளை ஏரிக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் அழைத்துச் சென்று, நீந்தவும், நீரை அறியவும், மீன் பிடிக்கவும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே அது. "சாமியாருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று யாரும் முணுமுணுக்க வேண்டாம். ஆண்டவர் தம் முதல் சீடர்களைத் தேடிப் போன இடமும் நீர்க்கரைதான் அன்றோ!

ஆனால் பேசுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். நாம் வாழ்வது வடலூரில். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார் பெருமான் 1867-ஆம் ஆண்டு சத்திய தருமச் சாலையைத் தொடங்கிப் பசித்தோர்க்குச் சோறிட்ட ஊர் இது. 1872-ஆம் ஆண்டு சத்திய ஞான சபை எழுந்த ஊர் இது. உயிர்க்கொலை கூடாது, புலால் கூடாது என்பது அவர் போதனை. அந்த மண்ணில் நின்று கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம், ஆனால் கூச்சத்தோடு பேச வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலோர் மீன் உண்கிறோம். உண்கிறவன் ஓர் உயிரின் விலையைத் தெரிந்து உண்பதா, தெரியாமல் உண்பதா? நம் பிள்ளைகளுக்கு மீன் என்பது கடைக்காரர் வெட்டிக் கருப்புப் பையில் போட்டுத் தரும் துண்டாகிவிட்டது. அது துள்ளியதையும் அவர்கள் காணவில்லை, அடங்கியதையும் காணவில்லை. ஒரு மீனைத் தன் கையால் பிடித்த பிள்ளைதான் அதற்கும் உயிர் உண்டு என்பதை உணர்ந்து கொள்கிறது. அதன்பின் "எனக்கு மீன் வேண்டாம்" என்று அது சொன்னாலும் நாம் வருந்தத் தேவையில்லை. அண்டை வீட்டாரின் நெறியை அது அன்றைக்குப் புரிந்து கொண்டது என்று மகிழலாம்.

அன்பார்ந்தவர்களே! நாம் இந்தப் பொருளை எடுத்துக் கொண்டதற்கு வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2022-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நமது கடலூர் மாவட்டத்திலேயே, நெல்லிக்குப்பத்தை அடுத்த கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில், சிறுமிகளும் இளம்பெண்களுமாக ஏழு பேர் நீரில் மூழ்கி உயிர் நீத்தார்கள். ஏழு பேர்! அந்த வாரம் திருப்பலியில் அவர்களுக்காகச் செபித்தோம். செபித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். வேறென்ன செய்தோம்? "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளை மிரட்டினோம், அவ்வளவுதான்.

மிரட்டல் காக்குமா? வெயில் காலத்தில் தண்ணீரைக் கண்ட பிள்ளை இறங்கத்தான் செய்யும். நம் கண்முன் இறங்காது. நாம் இல்லாதபோது இறங்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கும் உட்பட்ட பச்சிளம் குழந்தைகள். அதே ஆண்டில்தான் ஐக்கிய நாடுகள் சபை ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்கி இறப்பதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

இன்னொன்றையும் நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஆண் பிள்ளைகளின் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளியாவது நீச்சல் பழக்கினோம். பெண் பிள்ளைகளை மட்டும் கிணற்றுக் கட்டையில் நிற்க வைத்தோம். உடை நனையும், ஊர் பேசும் என்றோம். ஊர் பேசுவதா பெரிது, உயிர் பெரிதா? தாய்மார்களே, உங்களைக் கேட்கிறோம்.

நாங்கள் வளர்ந்தது வீராணம் ஏரிக்கரையில் உள்ள ஓர் ஊரில். பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஏரி அது. ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளம். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வந்து அதை நிரப்பும். சென்னை மாநகருக்குக் குடிநீர் போவதும் அங்கிருந்துதான். எங்கள் தாத்தா எங்களை அங்கே அழைத்துப் போவார். மூங்கில் கழி, நரம்பு, நெட்டித் தக்கை, சிறு ஈயக்குண்டு, சிரட்டையில் மண்ணோடு மண்புழு - இவ்வளவுதான் எங்கள் முதல். முதல் நாள் தூண்டிலைத் தரமாட்டார். "உட்காருங்கடா. தண்ணியைப் பாருங்க. அது என்ன செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையை வைங்க" என்பார். எங்கே குமிழி வருகிறது, எங்கே மீன்கொத்தி உட்காருகிறது, எங்கே கரை சரிகிறது, எங்கே சேறு காலை இழுக்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார்.

ஒருநாள் தாத்தா இல்லாதபோது நாங்கள் அண்ணன் தம்பிகள் மட்டும் போனோம். கரையோரப் புல்லுக்கு அருகே சிவப்பாக ஒரு குஞ்சுக் கூட்டம் மேலே வந்து வந்து போயிற்று. அதன் அடியில் ஒரு பெரிய விரால். தூண்டிலைக் குஞ்சுகளின் நடுவே போட்டோம். சீறி வந்து கவ்வியது. தலைகால் புரியாத மகிழ்ச்சியோடு வீட்டுக்குத் தூக்கி வந்தோம். தாத்தா எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. "அது பசிக்குக் கவ்வலைடா. புள்ளைங்களைக் காப்பாத்தக் கவ்விச்சு" என்றார். அன்றிரவு அவர் குழம்பைத் தொடவில்லை. வெறும் மோரைச் சோற்றில் ஊற்றி உண்டுவிட்டு எழுந்தார்.

விரால் தன் குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை கூடவே இருந்து காவல் காக்கும் மீன். காவல் போனால் மற்ற மீன்களும் பறவைகளும் அந்தக் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அதை நாங்கள் பள்ளிப் புத்தகத்தில் படிக்கவில்லை. தாத்தா தொடாமல் வைத்த குழம்புச் சட்டியில் படித்தோம். பின்னாளில் குருமடத்தில் ஒழுக்க இயலைப் பற்றித் தடித்த நூல்கள் பல பயின்றோம். ஆனால் பேராசைக்குப் பொருள் என்ன என்று எவரேனும் கேட்டால் இன்றும் அந்த விராலே நினைவுக்கு வருகிறது.

மீன்பிடிப்பு இவ்விதம் அடக்கத்தைக் கற்பிக்கிறது, பொறுமையையும் கற்பிக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்வதில்லை. மீன் பெருக இடம் விட வேண்டும் என்பதற்காக ஒரு கடற்கரையே காத்திருக்கிறது. கைப்பேசியில் ஒரு படம் வர நொடி தாமதித்தால் பொறுமை இழக்கும் நம் பிள்ளைகளுக்கு, தக்கை அசையும்வரை காத்திருக்கும் ஒரு மணி நேரம் நல்ல தவம் அல்லவா?

அடுத்து, உழைப்புக்கு மரியாதை. "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் மீன் பிடிக்கத்தான் போவாய்" என்று பிள்ளைகளைத் திட்டுவோர் நம்மிடையே உண்டு. இது பெரும் தவறு. தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள மீனவர் ஒருவரை அழைத்து நம் பிள்ளைகள் முன் பேசச் சொல்லுங்கள். வாடை எப்போது திரும்பும், கச்சான் எப்போது வீசும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவர் சொல்வது பல தலைமுறைகள் சேர்த்து வைத்த கல்வி. பிச்சாவரத்துக் கால்வாய்களில் இருளர் மக்கள் இடுப்பளவு நீரில் அமர்ந்து, பறியைப் பல்லால் கவ்விக் கொண்டு, வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். வலையும் இல்லை, படகும் இல்லை. விரல்நுனியிலேயே அவர்கள் கல்வி இருக்கிறது.

அதே பிச்சாவரத்தில் வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் இடையே அலையாத்திக் காடு பரந்து கிடக்கிறது. சுரபுன்னையின் வேர்களுக்கு இடையில்தான் இறாலும் மடவையும் கொடுவாயும் குஞ்சுகளாக வளர்கின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, அந்தக் காட்டின் மறைவில் இருந்த ஊர்களுக்குச் சேதம் குறைவாக இருந்தது என்பதை அறிஞர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மரத்தை வெட்டாதே என்று நூறு முறை சொல்வதைவிட, ஒருமுறை பிள்ளையைப் படகில் ஏற்றி அந்த வேர்களைக் காட்டுவது மேல்.

நமக்கு அருகிலேயே வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் பரவனாறும் இருக்கின்றன. நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீர் இவற்றில் வந்து சேருகிறது. இந்த நீர் எங்கிருந்து வருகிறது, எந்த வயலுக்குப் போகிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாத ஏரியை அவர்கள் நாளை எப்படிக் காப்பாற்றுவார்கள்?

அன்புக்குரியவர்களே! இராயப்பரும் பிலவேந்திரரும் வலை வீசிக் கொண்டிருந்தபோது அழைக்கப்பட்டார்கள். யாகப்பரும் அருளப்பரும் தந்தை செபதேயுவோடு படகில் வலைகளைச் சீர்படுத்திக் கொண்டிருந்தார்கள். தந்தையும் மக்களும் ஒரே படகில் ஒரே வேலையில் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இன்று நம் இல்லங்களில் தந்தையும் மகளும் சேர்ந்து செய்யும் வேலை என்று ஏதேனும் ஒன்று உண்டா? உயிர்த்த ஆண்டவர் கூடச் சீடர்களுக்கு விடியற்காலையில் கரையிலே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் கொண்டு காத்திருந்தார். பிள்ளைகளுக்காகக் கரையில் காத்திருக்கும் பெற்றோர்க்கு அதைவிட நல்ல மாதிரி வேண்டுமா?

ஆகவே, பொன் விழாவின் நினைவாக ஒரு சிறு திட்டத்தை உங்கள் முன் வைக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், நான்காம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். ஆனால் சில ஒழுங்குகளை மீறலாகாது.

முதலாவது, நீச்சலே முதல் பாடம். ஆணும் பெண்ணும் கற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்குத் தாய்மார்களும் சகோதரிகளும் உடன் இருப்பார்கள்.

இரண்டாவது, ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், அவரும் நீந்தத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கூச்சலிடாது, சத்தமின்றி அடங்கிவிடும். கண்தான் காவல்.

மூன்றாவது, ஒருவர் மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. இத்தகைய விபத்துகளில் ஒருவரைக் காக்க இறங்கிய மற்றவரும் போய்விடுகிறார். கயிற்றை வீசு, கழியை நீட்டு, மூடிய காலிக் கேனை எறி, உரக்கக் கூப்பிடு. இதைப் பிள்ளைகள் செபம் போல மனப்பாடம் செய்ய வேண்டும்.

நான்காவது, ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரிடம் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும். கோயில் குளத்திலும், சபையைச் சார்ந்த இடங்களிலும் தூண்டிலை எடுக்கவே கூடாது.

ஐந்தாவது, தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மீனை நோகாமல் விடவும் எளிது. விரலில் ஏறினால் எடுக்கவும் எளிது. சிறியதைத் தண்ணீரில் விடு. உண்ணும் அளவுக்கு மேல் பிடிக்காதே. பிடித்ததைத் துடிக்க விடாதே. குஞ்சோடு இருப்பதைத் தொடாதே. அறுந்த நரம்பைக் கரையில் போட்டு வராதே. கொக்கின் காலும் நாரையின் கழுத்தும் அதில் சிக்கும்.

ஆறாவது, மீன் உண்ணாத வீட்டுப் பிள்ளைகளும் வரலாம். அவர்கள் பறவைகளை எண்ணி எழுதட்டும், நீந்தட்டும். இந்தக் கரையில் சாதியும் சமயமும் கேட்க மாட்டோம்.

இடி மின்னல் வந்தாலோ, ஏரியில் வெள்ளம் ஏறினாலோ அன்று போக மாட்டோம். பிள்ளைகள் அழுதாலும் போக மாட்டோம்.

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. பெற்றோர்களாகிய நீங்கள் தர வேண்டியது மாதத்தில் ஒரு காலைப் பொழுது. கெடிலத்துக் கரையில் அன்று ஏழு பேரின் வீட்டார் நின்று கதறினார்கள். அவர்கள் கண்ணீரைத் துடைக்க நம்மால் இயலாது. ஆனால் இன்னொரு கரையில் இன்னொரு தாய் அப்படி நிற்காதிருக்க நம்மால் இயன்றதைச் செய்யலாம். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப்பின் மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோயில் வாசலில் அமர்ந்திருப்பார்கள். உங்கள் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். முதலில் உங்கள் பெண் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள்.

ஆண்டவர் உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக.