கர்ப்பிணியின் நெஞ்செரிச்சல்



செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை அடுத்த தெருக்களில் கர்ப்பிணித் தாய்மாரைச் சந்திக்கையில் நாங்கள் அடிக்கடி கேட்பது, "நெஞ்சு கரிக்குது" என்ற வார்த்தையே. "வாயுதான், சோடா குடி" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள்.

கர்ப்பத்தைக் காக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற சுரப்பு, உணவுக்குழாயின் அடியிலுள்ள தசையைத் தளர்த்துகிறது, செரிமானத்தையும் தாமதப்படுத்துகிறது. மாதம் ஏற ஏற, வளரும் கர்ப்பப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. அமிலம் எதுக்களித்து எரிகிறது. இது நோயல்ல; பிரசவத்துக்குப்பின் பெரும்பாலும் மறைந்துவிடும்.

அதுவரை, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம். இராச்சாப்பாட்டுக்குப்பின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது. தலைமாட்டை உயர்த்தி, இடதுபக்கமாகப் படுப்பது நல்லது. சோடா வயிற்றை உப்பவைக்கும். ஆப்பச்சோடாவைக் கரைத்துக் குடித்தால் உடலில் நீர் கோக்கும். தேவையானால், மருத்துவரைக் கேட்டு, கால்சியமோ மக்னீசியமோ கலந்த அமில முறிவு மருந்து எடுக்கலாம். எரிச்சலுக்குப் பயந்து சிலர் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டாம், இரத்தசோகை பிரசவத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு மருந்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விட்டால் போதும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஐந்து மாதத்துக்குப்பின் மேல்வயிற்றிலோ வலது விலாவின் கீழோ கடும் வலி, தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் இவற்றில் எது வந்தாலும் அதை வாயு என்று தள்ளிவிடக் கூடாது. இரத்தக்கொதிப்பு ஏறியிருக்கலாம், தாய், சேய் இருவர் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது. விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

இதை உங்கள் சபையிலுள்ள கர்ப்பிணிகளுக்கும், முக்கியமாக அவர்களுடைய மாமியார்மாருக்கும் சொல்லுங்கள்.