பட்டியலில் காற்புள்ளி: தெளிவா, குழப்பமா?

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுத்தற்குறிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். பதினைந்து நிமிடத்தில் எல்லாக் குறிகளையும் சொல்லிவிட முடியாது. அதனால் ஒரே ஒரு குறியை, அதுவும் ஒரே ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். பொருள்களை அடுக்கிச் சொல்லும்போது நடுவில் நாம் இடுகிற காற்புள்ளிதான் அது. அது வாக்கியத்தைத் தெளிவாக்குகிறதா, குழப்புகிறதா?

இந்தக் கேள்வி எனக்கு இலக்கணப் புத்தகத்திலிருந்து வரவில்லை. நானே கரும்பலகையில் எழுதிய ஒரு வரியிலிருந்து வந்தது.

உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஏழாம் வகுப்பில் ஒரு மாலை இப்படி எழுதிப் போட்டேன்: "நாளை ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்றிதழ் நகல் கொண்டு வரவும்." பிள்ளைகள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். காற்புள்ளிகள் சரியான இடத்தில் இருந்தன. ஒற்றுப்பிழை இல்லை. வேறொருவர் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

மறுநாள் காலை பாதிப் பேர் மூன்றுக்கும் நகல் கொண்டு வந்தார்கள். மற்றவர்கள் முதல் இரண்டையும் அசலாகவும் சான்றிதழை மட்டும் நகலாகவும் கொண்டு வந்தார்கள். அந்த இரண்டாவது கூட்டத்தில் ஒரு மாணவியோடு அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். அசலைப் பிள்ளை கையில் கொடுத்துவிட மனம் வரவில்லையாம். அன்றைய கூலியை விட்டுவிட்டுத் தானே எடுத்து வந்திருந்தார். "இதுக்கும் நகல்தாம்மா வேணும்" என்று நான் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க நேத்து சாயங்காலம்தான் டவுனுக்குப் போனேன். அப்பவே மூணையும் எடுத்து பாப்பா கையில குடுத்து விட்டிருப்பேனே டீச்சர்" என்றார். அவ்வளவுதான். மறுபடியும் பஸ் ஏறிப் போனார்.

அந்தப் பிள்ளையிடம், "சரியாப் படிச்சுச் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டேன். அவள் குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். "நகல்னு கடைசியில மட்டும்தானே டீச்சர் இருந்துச்சு?" என்றாள்.

அவள் படித்தது தவறில்லை. மூன்றுக்கும் நகல் என்று படித்த பிள்ளைகளும் தவறில்லை. இரண்டு பொருளுக்கும் இடம் கொடுத்த வாக்கியத்தை எழுதியவள் நான். தேர்வுத்தாளில் காற்புள்ளி விட்டுப் போனால் அரை மதிப்பெண் குறைக்கிற அதே கைதான் அதை எழுதியது.

அதன் பிறகு இதைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். காற்புள்ளி பயனற்றது என்று சொல்ல நான் வரவில்லை. "விருந்தில் பால் பாயசம் வடை இருந்தது" என்று எழுதினால் இரண்டு பொருளா, மூன்று பொருளா? பால், பாயசம், வடை என்று பிரித்தால் மூன்று. பால்பாயசம், வடை என்று பிரித்தால் இரண்டு. இங்கே காற்புள்ளிதான் நம்மைக் காப்பாற்றுகிறது. ஒன்றையொன்று ஒட்டிக்கொள்ளக்கூடிய சொற்களைப் பிரித்து வைப்பது அதன் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது.

அதனால் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. எது எதோடு சேரும் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. தமிழில் இந்தச் சிக்கல் பட்டியலின் இரண்டு முனைகளில் வருகிறது.

முதல் முனை, தொடக்கம். நம் மொழியில் அடைமொழி பெயருக்கு முன்னால் வரும். "பழுதடைந்த மேசைகள், நாற்காலிகள், கரும்பலகைகள்" என்று இருப்புப் பதிவேட்டில் எழுதுகிறோம். பழுதடைந்தவை மேசைகள் மட்டுமா, மூன்றுமா? எத்தனை காற்புள்ளி இட்டாலும் விடை கிடைக்காது. மேசைகள் மட்டும் என்றால் இடத்தை மாற்றினால் போதும்: "நாற்காலிகள், கரும்பலகைகள், பழுதடைந்த மேசைகள்." மூன்றும் என்றால், "மேசைகள், நாற்காலிகள், கரும்பலகைகள் ஆகியவற்றில் பழுதடைந்தவை" என்று எழுதலாம்.

இரண்டாம் முனை, முடிவு. பொதுவான சொல்லும் வேற்றுமை உருபும் கடைசியில் வந்து நிற்பது நம் மொழியின் இயல்பு. "அரிசி, கேழ்வரகு, கம்பு மாவு வாங்கி வா" என்று அனுப்பினால், ஒரு பிள்ளை மூன்று மாவு வாங்கி வரும். இன்னொரு பிள்ளை அரிசியையும் கேழ்வரகையும் தானியமாகவே வாங்கி வரும். "ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர்களுக்கு" என்று அழைப்பிதழில் எழுதும்போதும் இதே கதைதான். நான் எழுதிய "நகல்" மாட்டிக்கொண்டதும் இந்த முனையில்தான்.

இதற்கு நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ஓலைச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. அச்சு வந்த பிறகு ஐரோப்பிய மொழிகளின் வழக்கத்தைப் பார்த்து நாம் எடுத்துக்கொண்ட குறி அது. குறி இல்லாத காலத்தில் தெளிவைச் சொல்லுக்குள்ளேயே வைத்தாக வேண்டும். அதனால்தான் எண்ணிச் சொல்வதற்கென்று இடைச்சொற்கள் இருக்கின்றன. தொல்காப்பியமும் நன்னூலும் தத்தம் இடையியலில் இதை விரிவாகப் பேசுகின்றன.

பவணந்தி முனிவர் நன்னூலில் சொல்கிற ஒரு விதியை நாம் மாணவர்களாக இருந்தபோதே படித்து, தேர்வு எழுதி, மறந்தும் விட்டோம். இடைச்சொல் எதுவும் இல்லாமல் பெயர்களை வெறுமனே அடுக்கினால் அதற்குச் செவ்வெண் என்று பெயர். அப்படிப் பெயர்களை அடுக்கினால் முடிவில் தொகைச்சொல் வர வேண்டும் என்கிறார். "கண்ணன், முருகன், வேலன் மூவரும் வந்தனர்" என்பதில் வரும் "மூவர்" போன்ற சொல் அது. ஆனால் உம் சேர்த்து எண்ணினால் தொகைச்சொல் இல்லாமலும் வரலாம் என்கிறார். கண்ணனும் முருகனும் வேலனும் வந்தனர் என்றால் எண்ணிக்கை தானாகவே முடிந்துவிடுகிறது.

இன்று நாம் காற்புள்ளி இட்டு எழுதும் பட்டியல் எல்லாம் செவ்வெண்தான். பழைய விதியின் முதல் பாதியை, அதாவது அடுக்குவதை மட்டும் வைத்துக்கொண்டோம். முடித்து வைக்கும் சொல்லை விட்டுவிட்டோம். அந்த இடத்தில் காற்புள்ளி போதும் என்று நினைத்துவிட்டோம்.

இப்போது என் வாக்கியத்துக்கு வருகிறேன். மூன்றுக்கும் நகல் வேண்டும் என்றால் இப்படி எழுதியிருக்க வேண்டும்: "ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், சாதிச் சான்றிதழ் ஆகிய மூன்றின் நகல்களையும் கொண்டு வரவும்." சான்றிதழுக்கு மட்டும் நகல் என்றால்: "ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் சாதிச் சான்றிதழின் நகலும் கொண்டு வரவும்." முதல் வாக்கியத்தில் காற்புள்ளி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. தெளிவைத் தந்தவை "ஆகிய மூன்றின்" என்ற சொற்களும் "உம்" என்ற ஓர் இடைச்சொல்லும்தான்.

ஆங்கிலம் நடத்தும் நண்பர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டு. கடைசிப் பொருளுக்கு முன்னால் வரும் "அண்ட்", "ஆர்" என்ற சொல்லுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்று அங்கே நெடுங்காலமாக வாதம் நடக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அது நீதிமன்றம் வரைக்கும் போனது. உணவுப்பொருளைப் பதப்படுத்துதல், உலர்த்துதல், சேமித்து வைத்தல் போன்ற சில வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் இல்லை என்று அந்த மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல். அதன் முடிவில் அனுப்புவதற்காகப் பொட்டலமிடுவதும் விநியோகமும் "ஆர்" என்ற சொல்லால் இணைந்திருந்தன. அதற்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, அல்லது அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலமிடுதல் என்ற ஒரே வேலையின் பகுதியா? பால் நிறுவனம் ஒன்றின் வண்டி ஓட்டுநர்கள், "நாங்கள் விநியோகிக்கிறோம், பொட்டலமிடுவதில்லை. எங்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு" என்று வழக்காடினார்கள். சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், 2017இல் ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது. தீர்ப்புக்குப் பிறகு சட்டத்தில் இருந்த அந்தப் பட்டியலை அரைப்புள்ளிகள் இட்டுத் திருத்தினார்கள்.

ஆங்கிலத்தில் "அண்ட்" ஒரே ஒரு முறைதான் வரும். நம் "உம்" ஒவ்வொரு பெயரோடும் வரும். "என் தம்பி, கண்ணன், முருகன் வந்தார்கள்" என்றால் வந்தவர் இருவரா, மூவரா? கண்ணன்தான் தம்பியா? "என் தம்பி கண்ணனும் முருகனும் வந்தார்கள்" என்றால் இருவர். "என் தம்பியும் கண்ணனும் முருகனும் வந்தார்கள்" என்றால் மூவர். இவ்வளவு நல்ல கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாச் சுற்றறிக்கையிலும் "மற்றும்" போட்டு எழுதிக்கொண்டிருக்கிறோம். "அரிசி, கேழ்வரகு மற்றும் கம்பு மாவு" என்று எழுதினாலும் மாவுக் குழப்பம் அப்படியேதான் இருக்கிறது.

உம் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். "பழுதடைந்த மேசைகளும் நாற்காலிகளும்" என்றாலும் நாற்காலி நல்லதா, பழுதா என்று தெரியாது. பட்டியல் நீளமானால் ஒவ்வொரு சொல்லிலும் உம் சேர்ப்பது படிக்கவும் களைப்பாக இருக்கும். ஐந்து, ஆறு பொருள் என்றால் காற்புள்ளியும் முடிவில் "ஆகிய" என்பதும்தான் நல்லது. பட்டியல் அதோடு முடிந்தது என்றால் "ஆகிய". இன்னும் சில உண்டு என்றால் "முதலிய". இந்த வேறுபாட்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒன்று. விடைகளை அடுக்கச் சொன்னால் சில பிள்ளைகள் இடைவெளி விடாமல் 1,250,300 என்று எழுதுகிறார்கள். அது 1,250, 300 என்ற இரண்டு எண்களா? 1, 250, 300 என்ற மூன்று எண்களா? எண்ணுக்குள்ளேயே காற்புள்ளி இருக்கும்போது எண்களைப் பிரிக்க அரைப்புள்ளி இடச் சொல்லுங்கள். அதைவிட எளிது, வரிக்கு ஓர் எண் எழுதச் சொல்வது.

வகுப்பில் நான் இப்போது செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். "சிவப்புப் பேனா, பென்சில், ரப்பர் எடுத்து வா" என்று ஒரு சீட்டில் எழுதி இரண்டு பிள்ளைகளிடம் தனித்தனியாகக் கொடுப்பேன். ஒருவர் சிவப்புப் பேனாவோடு கையில் கிடைத்த பென்சிலையும் ரப்பரையும் கொண்டு வருவார். இன்னொருவர் சிவப்புப் பென்சிலைத் தேடி அலைந்துகொண்டிருப்பார். வகுப்பே சிரிக்கும். பிறகு, "சீட்டை எப்படி மாற்றி எழுதினால் இருவரும் ஒன்றையே கொண்டு வருவார்கள்?" என்று கேட்பேன். காற்புள்ளி விதியை நான் சொல்வதற்கு முன்பே பாதியை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பிலும் இதைச் செய்யலாம், பத்தாம் வகுப்பிலும் செய்யலாம்.

விடைத்தாள் திருத்தும்போது இரண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். படிப்பவருக்கு எத்தனை பொருள் என்று தெரிகிறதா? எந்தச் சொல் எதற்கு உரியது என்று தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால், காற்புள்ளி ஒன்று கூடியதற்காகவோ குறைந்ததற்காகவோ மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. "அம்மாவும், அப்பாவும்" என்று உம்மோடு காற்புள்ளியும் சேர்த்து எழுதினால், அது தேவையில்லை என்று சொல்லித் திருத்துகிறேன், அவ்வளவுதான்.

பெற்றோருக்கு எழுதும் அறிவிப்பை மட்டும் இப்போது பட்டியலாக ஒரே வரியில் எழுதுவதில்லை. 1, 2, 3 என்று எண் போட்டு வரிக்கு ஒன்றாக எழுதுகிறேன். ஒவ்வொன்றின் எதிரிலும் "நகல்" அல்லது "அசல்" என்று குறிக்கிறேன். எழுதி முடித்ததும் ஒரு பிள்ளையை எழுப்பி, "வீட்டில் போய் அம்மாவிடம் என்ன சொல்வாய்?" என்று கேட்கிறேன். அன்று குறிப்பேட்டைத் திறந்து காட்டிய அந்தப் பிள்ளையைத்தான் பெரும்பாலும் எழுப்புவேன். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களை எழுதிக்கொள்ளச் சொல்வேன்.