எதிர்முனையில் காத்திருக்கும் கார்

அமெரிக்காவின் யூட்டா, அரிசோனா மாநிலங்களுக்கு இடையே அமைந்த பரியா பாலைப் பள்ளத்தாக்கில், ஒயிட் ஹவுஸ் என்னுமிடத்தில் இறங்குவோர், முதுகுச்சுமையுடன் ஆற்றின் போக்கிலேயே ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நடந்து, நான்கைந்து நாட்களில் கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள லீஸ் ஃபெர்ரியை அடைகின்றனர். திடீர் வெள்ளம் வந்தால் ஏறித் தப்ப இடமில்லாத, 'நேரோஸ்' எனப்படும் குறுகிய இடுக்குகள் வழியின் முற்பகுதியிலேயே இருப்பதால், புறப்படும் நாளின் வானிலை அறிக்கையை நம்பி அவற்றைக் கடக்க இத்திசையே ஏற்றது.

சாலை வழியாக இரு முனைகளுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு இருப்பதால், சொந்தக் காரை முதலில் லீஸ் ஃபெர்ரியில் நிறுத்திவிட்டு, நடைப்பயணிகளைக் கட்டணத்துக்கு ஏற்றிச்செல்லும் 'ஷட்டில்' வண்டியில் தொடக்கமுனைக்குச் செல்வதே நல்லது. நடை ஒருநாள் நீண்டுவிட்டாலும், கைபேசி எட்டாத பள்ளத்தாக்கிலிருந்து ஓட்டுநருக்குச் செய்தி சொல்ல வழியின்றித் தவிக்க நேராது. கடிகாரமும் குழப்பக்கூடியது: கோடையில் யூட்டா ஒரு மணிநேரம் முன்தள்ளி வைக்க, அரிசோனா அவ்வாறு செய்வதில்லை, இடையில் சாலை கடக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலமோ, அரிசோனாவுக்குள் இருந்தும், வேடிக்கையாக, யூட்டாவின் வழக்கத்தையே பின்பற்றுகிறது. ஆகவே வண்டியைக் காலை 7 மணிக்கு வரச்சொல்வோர், அது எந்த மாநிலத்து 7 மணி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.