மார்கழியில் ஒரு பூக்காட்சி

(கனகம்மாசத்திரத்தில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மலர்க் கண்காட்சி என்றதும் ஊட்டியும் மே மாதமும்தான் நினைவுக்கு வரும். நம் பக்கத்தில் பூ என்றால் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறும் பூக்காவடி. பனிக்காலப் பூக்களை நாம் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. ஜப்பானில் குளிர்காலத்தில் மலரும் கேமலியாவை மக்கள் தேடிச் சென்று ரசிக்கிறார்கள். சற்று முன் நாம் குடித்த டீயும் அதே பேரினத்துச் செடிதான். கொழுந்துக்காக வெட்டிக்கொண்டே இருப்பதால் அது பூப்பதை அதிகம் பார்க்க முடிவதில்லை.

எங்கள் பள்ளியில் மூன்று ஆண்டுகளாக மார்கழிப் பூக்காட்சி நடத்துகிறோம். செலவு ஒன்றுமில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றிப் பூக்களை மிதக்கவிட்டால் போதும்.

முதல் ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும். கோலத்தில் வைக்கும் பூசணிப்பூவைக் கொண்டுவரச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எட்டுப் பூக்கள் கொண்டுவந்தாள். பாராட்டிக் கைதட்டச் சொன்னேன். மறுநாள் அவள் வரவில்லை, பாட்டிதான் வந்தார். “டீச்சரம்மா, பூ கேட்டீங்க, சரி. பிஞ்சோட பறிச்சிக்கினு வரச் சொன்னீங்களா? எட்டுக் காய் போச்சே!” காய் விற்ற காசில் நடக்கும் குடும்பம் அது. தவறு என்னுடையது, அடி வாங்கியது அந்தப் பிள்ளை.

ஆண்பூ, பெண்பூ பாடத்தைப் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில்தான் நடத்தி வந்தேன். பாட்டி தன் கொல்லைக்கே அழைத்துப்போய்க் காட்டினார். நீளமான மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. கோலத்துக்கு அதைத்தான் பறிப்பார்கள். அடியில் குண்டாகப் பிஞ்சு இருந்தால் பெண்பூ, தொடக்கூடாது. ஆண்பூவையும் ஒட்டப் பறித்துவிடக் கூடாதாம். மகரந்தம் என்ற சொல் அவருக்குத் தெரியாது, “வண்டுக்கு நாலு விடணும்” என்றார். அடுத்த ஆண்டு அந்தப் பாடத்தை வகுப்பில் அவரே நடத்தினார். பேத்தி தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

உயர்நிலை வகுப்புகளுக்குச் சாமந்தி நல்ல பாடம். அது ஏன் இப்போது பூக்கிறது என்று கேட்டால், குளிர் என்றுதான் நாம் சொல்லிவிடுகிறோம். முக்கியமான காரணம் நீண்ட இரவு. பகல் இரவின் நீளம் பூப்பதைத் தீர்மானிக்கிறது என்று 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பசுமைக்குடில்களில் இரவில் விளக்கெரித்துச் சாமந்தி பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான். இதைச் சொன்னபோது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான்: “சார், தெருவிளக்குக்குக் கீழே இருக்கிற எங்க வீட்டுச் செடி மட்டும் மொட்டே வைக்கலை.” மாலை வகுப்பே அங்கே போய்ப் பார்த்தது.

மணமில்லாத டிசம்பர் பூவையும், மார்கழியில் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது என்ற கணக்கையும் உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் காட்சி வைக்கிறோம்; அப்போதும் மார்கழி மிச்சமிருக்கும். வருகிறவர்கள் ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் பூசணிப்பூ சுருண்டுவிடும்.